எட்டாவது குழி

மில்லிமீட்டரில் கால் பங்கு பிசகியிருந்தாலும் “பாயிண்ட் ரெண்டு அஞ்சு தள்ளியிருக்கு, எடுத்துட்டுப் போ” என்று முகத்துக்கு நேரே திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் தொழிற்சாலையில் அவளுக்குப் பாயிண்ட்டக்கா என்று பெயர். வைத்தவன் யாரென்று இதுவரை துப்புத் துலங்கவில்லை. துலங்கியிருந்தால் அவன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான்.

குழந்தைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிக் கட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள்தான் அங்கே தயாராகின்றன. இருபது வயதில் பேக்கிங் மேசைக்கு வேலைக்கு வந்தவள் அவள். சாப்பாட்டு மணி அடித்தால் மற்றவர்கள் டப்பாவைத் திறப்பார்கள், இவள் அச்சு வெட்டும் டூல் ரூம் வாசலில் போய் நிற்பாள். லேத்திலிருந்து இரும்பு சுருள் சுருளாக உதிர்வதைப் பார்ப்பதில் அப்படி ஓர் ஆசை. இன்றைக்கு விரட்டினால் நாளைக்கு வந்து நின்றாள். விரட்டி விரட்டி அலுத்துப்போய்க் கடைசியில் கையில் ஓர் அரத்தைக் கொடுத்து, “இந்தா, ராவு” என்றார்கள். அன்றைக்குப் பிடித்த அரத்தை இருபத்தாறு வருஷமாகக் கீழே வைக்கவில்லை.

அச்சு என்பது பெரிய சமாச்சாரமில்லை. இரண்டு எஃகுப் பாளங்கள், உள்ளே குழிகள். உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி உள்ளே தள்ளி, ஆறவிட்டுத் திறந்தால், குழி எந்த வடிவமோ அந்த வடிவத்தில் கட்டை கீழே விழும். ஆனால் எஃகில் வெட்டியதை வெட்டியதுதான். திரும்ப ஒட்டவைக்க முடியாது. ஓர் அச்சு பத்து வருஷம் ஓடும். இருபத்தாறு வருஷத்தில் அவள் வெட்டிய குழிகள் நூறுக்குமேல் இருக்கும். ஒன்றுகூட அவள் யோசித்த வடிவமில்லை. வரைபடம் எங்கிருந்தோ வரும், இவள் வெட்டுவாள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்கிறார்களே, அவளுக்கு அப்படி எதுவும் வளரக் காணோம்.

அந்த வருஷம் புது அச்சு ஒன்று வந்தது. எட்டுக் குழி. ஏழுக்கு வரைபடம் முடிவாகிவிட்டது. எட்டாவதைக் காலியாக விட்டுவிட்டு முதலாளியம்மா எல்லோரையும் கூப்பிட்டார். அறுபது வயதுக்காரர், சுருக்கமாகப் பேசுகிறவர். “எட்டாவதுக்கு யார்கிட்ட நல்ல யோசனை இருந்தாலும் கொண்டுவாங்க” என்றார்.

பாயிண்ட்டக்காவிடம் யோசனை மூன்று வருஷமாகத் தயாராக இருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் மூட்டு. கட்டைவிரல் அளவுதான். ஒரு முனை மற்ற எல்லாக் கட்டைகளையும், பழைய கட்டைகளையும்கூட, கவ்விக்கொள்ளும். மறுமுனையில் இரண்டு சின்ன விரல்கள். ஒவ்வொரு விரலிலும் ஒரு பக்கம் மொட்டு, மறுபக்கம் குழிவு. இதே போல இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பி, கைகோப்பது மாதிரி விரலோடு விரல் கோத்தால், ‘டிக்’ என்று மாட்டிக்கொண்டு மடங்கும், நிமிரும், திருகினால் கழன்றுவிடும். அதை வைத்துக் கதவும் செய்யலாம், கிரேனும் செய்யலாம், நாய்க்கு வாலும் செய்யலாம். அதுவரை அந்தத் தொழிற்சாலையின் கட்டைகளில் எது கட்டினாலும் விறைத்துக்கொண்டு நின்றது. மடங்குகிற ஒன்றை உலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு வேகம். இப்படி ஒரு குழி மறுபடி காலியாகக் கிடைக்க இன்னும் பத்து வருஷம் ஆகும். அப்போது அவள் கண்ணாடியின் பவர் எவ்வளவு ஏறியிருக்குமோ, அரம் பிடிக்கக் கை நிற்குமோ நிற்காதோ. இந்த ஒரு குழி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

போட்டிக்கு ஒருவர்தான் வந்தார். விற்பனைப் பகுதி மேனேஜர். சின்ன வயது, வாய் சாமர்த்தியம் அதிகம். அவர் கொண்டுவந்தது டைனோசர் தலை.

“பெட்டி மேல டைனோசர் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னா, பிள்ளை அப்பா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வரும்கா. உங்க மூட்டைப் போட்டா மூட்டுவலி மருந்துன்னு நினைச்சிட்டுப் போயிடுவாங்க.”

“டைனோசர் தலையை வச்சு வேற என்ன தம்பி கட்டலாம்?”

“இன்னொரு டைனோசர்.”

அறையே சிரித்தது. பாயிண்ட்டக்கா சிரிக்கவில்லை.

முடிவைப் பிள்ளைகளிடமே விடுவது அங்கே வழக்கம். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். தட்டு நிறையக் கட்டைகள். அதோடு டைனோசர் தலை நாற்பது, மூட்டு நாற்பது, எல்லாம் கையால் செய்த மாதிரிகள். ஒரு மணி நேரம் விளையாடவிட்டு, பிள்ளைகள் போன பிறகு தட்டைப் பார்ப்பார்கள். கட்டியதைப் பார்த்து மயங்காதே, மிஞ்சியதைப் பார் என்பது அங்கே வேதவாக்கு.

தலை மூன்று மிஞ்சியிருந்தது. மூட்டு முப்பத்துநான்கு.

மேனேஜர் “பரவாயில்லக்கா” என்பது போலத் தலையை மட்டும் ஆட்டினார். கேலி செய்திருந்தாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம். அந்தப் பெருந்தன்மையைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

பிள்ளைகள் கை பட்ட மாதிரிகளைக் கழுவி வைக்கிற வேலை வேறு பாக்கி இருந்தது. யாரும் சொல்லாமலே அவள் எடுத்துக்கொண்டாள். தொட்டித் தண்ணீரில் மூட்டுகளைக் கொட்டி ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். ஏழாவதையோ எட்டாவதையோ தேய்க்கும்போது விரலில் ஏதோ நெருடியது. பிசிராக இருக்கும் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிசிர் இல்லை, பல் தடம். சின்னஞ்சிறு முன்பற்கள் இரண்டு பதிந்திருந்தன. அடுத்ததை எடுத்தாள். அதிலும் இருந்தது. முப்பத்துநான்கில் பத்தொன்பதில் பல் தடம்!

ஏப்ரனில் தண்ணீர் சொட்டச் சொட்ட முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள். மேனேஜரும் அங்கேதான் இருந்தார். மூட்டுகளை மேசைமேல் கொட்டினாள்.

“இவங்களுக்கு இது வேண்டாம்னு இல்லம்மா. மாட்டியிருக்காங்க, கழட்ட முடியல, பல்லால கடிச்சுப் பார்த்திருக்காங்க. பிடிவாதமா ஒரு தரம் கடிச்சிட்டு, அப்புறம் கோவத்துல தூக்கிப் போட்டிருக்காங்க. வேண்டாத சாமானை எந்தப் பிள்ளை கடிக்கும்?”

“பிள்ளைங்க எதைத்தான்கா கடிக்கல?” என்றார் மேனேஜர்.

“அப்போ உங்க தலையில ஒரு கடி காட்டுங்க, பாக்கலாம்.”

முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு டைனோசர் தலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேனேஜர் தன் சொந்தத் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். ஒரு கடியும் இல்லை.

“பத்து நாள் தர்றேன். அதுக்கு மறுநாள் எஃகை வெட்டியாகணும்” என்றார் முதலாளியம்மா.

தப்பு எங்கே என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கட்டையைப் பிடுங்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அளக்கத் தொழிற்சாலையில் கருவி உண்டு. திருகிக் கழற்ற எவ்வளவு பலம் வேண்டும் என்று அளக்கக் கருவி கிடையாது, அதுவரை தேவைப்படவும் இல்லை. அதைத் தன் கையாலேயே பார்த்துக்கொண்டாள். தன் கையே தனக்குதவி என்று நம்பியதுதான் வினையாகப் போயிற்று. இருபத்தாறு வருஷம் அரம் பிடித்துக் காய்த்துப்போன கை. அதற்குச் சுலபமாக இருப்பது ஆறு வயதுக் கைக்கு எப்படிச் சுலபமாக இருக்கும்? வீட்டிலும் சின்னப்பிள்ளை இல்லை. ஒரே மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவர் தண்ணீர் பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் தையல்காரர். பல்ப் மாட்ட ஸ்டூலில் ஏறி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மூடியைத் திருகினார், நகரவில்லை. பாட்டிலைத் தூக்கிப் பல்லால் கடித்தார்.

வாசலிலேயே நின்று பார்த்தவள், “அப்படியே இருங்க!” என்று கத்தினாள்.

“என்னம்மா? பல்லு போயிடும்னு பயமா?”

“உங்க பல்லை யாரு பார்த்தா? கையைக் காட்டுங்க.”

மறுநாள் முதல் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும், தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேன் பெஞ்சில் அவர் ஆஜர். முடிவாகாத மாதிரி வெளியே போகக் கூடாது என்பதால் கையை உள்ளே வரவழைக்க வேண்டியதாயிற்று. மொட்டின் உயரம் பாயிண்ட் மூன்றில் தொடங்கியது. அவர் திருகுவார். முகம் கோணும். “ம்ஹும்” என்பார். அவள் உள்ளே ஓடிப்போய் மொட்டின் உயரத்தை ஒரு துளி குறைத்துக்கொண்டு வருவாள். மறுபடி திருகுவார்.

“அண்ணே, டாக்டர் பார்த்தா இதுக்கும் பீஸ் கேப்பாரு” என்றார் வாட்ச்மேன்.

“அவரு ரப்பர் பந்துதான் குடுத்தாரு. இவ கொல்லாம கொல்றா” என்றார் கணவர். ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

குறைத்துக்கொண்டே போனாலும் ஆபத்து. மொட்டு பாயிண்ட் ரெண்டுக்கு இறங்கியதும் மூட்டு சுகமாகத் திரும்பியது. ஆனால் அதை வைத்துக் கட்டிய கிரேன் கை, நாலு கட்டை ஏற்றியதுமே தொப்பென்று தொங்கிவிட்டது. பாயிண்ட் ரெண்டு நாலில் கிரேன் நின்றது, கணவரின் கை வலித்தது. நடுவில் எங்கோ இருக்கிறது, விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது மாதிரிகளையும் மறுபடி முதலிலிருந்து செய்தாள். எட்டாம் நாள் கணவர் சிரித்த முகமாக வந்து, அவள் கண்முன்னாலேயே பாட்டில் மூடியைத் திருகித் திறந்து காட்டினார்.

அவள் முகம் விழுந்துவிட்டது. “அதுக்குள்ள சரியாயிடுச்சா?”

“அடிப்பாவி! கட்டின புருஷன் கை குணமானதுக்கு இப்படியா மூஞ்சியைத் தூக்குவாங்க?”

அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மெல்ல நீவிவிட்டாள். பிறகு, “சரி, மோதிர விரலையும் சுண்டு விரலையும் மட்டும் வச்சுத் திருகுங்க” என்றாள். பாயிண்ட் ரெண்டு ரெண்டில் அந்த இரண்டு விரலுக்கும் மூட்டு ‘டிக்’ என்று கழன்றது. கிரேனும் நின்றது.

பத்தாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வேறு பன்னிரண்டு பேர் வந்தார்கள். பாயிண்ட்டக்கா அந்தப் பக்கமே போகவில்லை. டூல் ரூமில் ஏற்கெனவே துடைத்த லேத்தை மறுபடி துடைத்தாள். ஒரு மணி நேரம் முடிந்து போய்ப் பார்த்தபோது தட்டில் டைனோசர் தலை ஒன்பது மிஞ்சியிருந்தது. மூட்டு இரண்டு. ஆனால் கட்டியவற்றையெல்லாம் பிரித்து எண்ணிப் பார்த்தால் மூட்டில் ஆறு குறைந்தது. மேசைக்கு அடியிலும் இல்லை, அலமாரிக்குப் பின்னாலும் இல்லை.

“காணாமப் போனதை விளையாடினதாச் சேர்க்க முடியாதும்மா” என்றார் மேனேஜர். “அந்த ஆறையும் மிஞ்சினதுல சேர்த்தா எட்டு. எனக்கு ஒன்பது. பெரிய வித்தியாசம் இல்ல. பெட்டி மேல படத்துக்கு எதுன்னு பார்த்தா தலைதான்.”

சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. முதலாளியம்மா, “காலையில சொல்றேன்” என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எஃகுப் பாளம் இயந்திரத்தில் ஏறிவிட்டது. ஏழு குழிக்கும் குறி போட்டாகிவிட்டது. எட்டாவது இடம் மொட்டையாகக் கிடந்தது. அப்போதுதான் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பாயிண்ட்டக்காவையும் மேனேஜரையும் முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார்.

“மன்னிச்சிடுங்க. பசங்க பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்துட்டாங்க” என்று டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தார். நாலு மூட்டு இருந்தது. “இன்னும் ரெண்டு ஒரு பொண்ணுகிட்ட இருக்கு. தர மாட்டேங்கிறா. வீட்டுல இருந்த பழைய கட்டையில குதிரை செஞ்சிருக்காளாம். ‘அது குதிரையோட முட்டி டீச்சர், எடுத்தா விழுந்துடும்’னு ஒரே அழுகை. திட்டலாம்னு பார்த்தா, இன்னும் ஆறு வாங்கிட்டு வரச் சொல்றா. மத்த மூணு கால் மடங்க மாட்டேங்குதாம்.”

முதலில் வாய் திறந்தவர் மேனேஜர்தான்.

“பழைய கட்டையிலயா? அப்போ… நம்ம பெட்டி ஏற்கெனவே இருக்கிற அத்தனை வீட்டுக்கும் இதை விக்கலாமே!”

“இப்பத்தான் உறைக்குதா தம்பி? முதல்லேருந்து நான் வேற என்ன சொன்னேன்?”

“மூட்டுன்னுதானேக்கா சொன்னீங்க. குதிரைன்னு சொல்லலையே. பெட்டி மேல குதிரை போட்டுடலாம்.”

“குதிரையைப் போட்டா குதிரைக்கு மட்டும்தான்னு நினைச்சுக்குவாங்க. ஒண்ணும் போடாதீங்க!”

“உங்க சண்டையை அப்புறம் வச்சுக்குங்க” என்றார் முதலாளியம்மா. பொட்டலத்தில் இருந்த நாலோடு தட்டிலிருந்து இரண்டை எடுத்துப் போட்டு, டீச்சர் கையில் கொடுத்தார். பிறகு பாயிண்ட்டக்காவைப் பார்த்தார். “நீ ஏம்மா இன்னும் இங்க நிக்கிற? போய் வெட்டு.”

அவள் போனாள். எட்டாவது இடத்தில் கோடு போட்டு, வெட்டுக் கருவியை இறக்கி, சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். எஃகு சுருள் சுருளாக எழுந்தது. இந்தக் குழியிலிருந்து பிறக்கப்போவது தன் பிள்ளை என்று நினைத்த மாத்திரத்தில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை. வெட்டிய எஃகில் கண்ணீர் பட்டால் துரு ஏறிவிடும் என்று முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கருவி மொட்டின் பாயிண்ட் ரெண்டு ரெண்டைத் தொடும்வரை கையை எடுக்காமல் வெட்டினாள்.