தோற்கும் அணியின் பார்வையாளர்

ஜெர்மனியில், டோர்ட்முண்ட் போகும் ரயிலில் தினமும் காலையில் ஈழத்தமிழர் ஒருவர் என் எதிரே அமர்வார். நரைத்த மீசை, பேக்கரிச் சீருடை. அமெரிக்காவின் இரண்டாம் பிரிவுக் கால்பந்து அணி ஒன்றின் முந்தைய ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்தபடியே வருவார். அவருடைய மகன் அதில் கோல் காப்பாளன். அந்தப் பருவம் முழுக்க அணி தோற்றுக்கொண்டே இருந்தது.

"இந்தமுறையாவது வெண்டவையோ அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லைத் தம்பி. இப்ப மகனையும் விளையாட விடாமல் வெளியில இருத்திப்போட்டினம்."

"பிறகேன் பாக்கிறியள்?"

"வெண்டாத்தான் ஃபோன் எடுப்பன் எண்டு சொன்னவன். குரல் கேட்டு மாதக்கணக்காச்சு. கமரா சிலநேரம் வெளியில இருக்கிற ஆக்களையும் காட்டும்."

அணி பருவத்தைக் கடைசி இடத்தில் முடித்தது. ஆட்டங்கள் ஓய்ந்தன. அதன் பிறகும் அவர் கைபேசியைப் பார்த்தபடியே வந்தார். எட்டிப் பார்த்தேன். பழைய தோல்வி ஒன்று மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. வெளியில் இருந்த மகனைக் கமரா காட்டிய இடத்தில் நிறுத்தினார்.