குளிரைத் தேக்கி வைத்தவர்

ஊதுபத்தியைக் கதவிடுக்கில் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறார் பூதலிங்கம் பிள்ளை. புகை நேராக மேலே போனால் கசிவில்லை. வெளிப்பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தில் குளிர் ஒழுகுகிறது. கீலோரம், தாழ்ப்பாளோரம், நிலைக்கால் என்று கதவை ஒரு சுற்று வருவதற்குள் பாதிப் பத்தி தீர்ந்துவிடும். சாமிக்கு ஏற்றுகிற பத்தியைக் கதவுக்குக் காட்டுகிறாரே என்று முதல் நாள் அவர் மனைவி அன்னத்தாய் முகத்தைச் சுளித்தாள். இப்போது அவளே இரண்டு பாக்கெட்டாக வாங்கி வைத்துவிடுகிறாள்.

மணிமுத்தாறு அணையில் முப்பத்தொரு வருஷம் நீர்மட்டம் பார்த்தவர். ஓய்வு பெற்றுத் தச்சநல்லூர் வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சு மாறவில்லை. விருந்தாளி வந்தால் வரத்து, கிளம்பினால் போக்கு. எந்த வீட்டுக் குழாய் சொட்டினாலும் அவருக்குச் சோறு இறங்காது. அடுத்த தெருவில் சொட்டினாலும் போய்க் கதவைத் தட்டி, "உங்க குழா ஒழுகுதுல்லா, பாக்கலையா?" என்று கேட்டுவிட்டு வருவார். அதனாலேயே அந்தத் தெருவில் அவரைக் கண்டதும் சிலர் உள்ளே போய்விடுவது உண்டு.

போன சித்திரையில், அதாவது தொண்ணூற்றைந்தில், அன்னத்தாய் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். இவளுக்குச் சூடு ஆகாது, குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று வண்ணார்பேட்டை டாக்டர் சொன்னார். பூதலிங்கம் பிள்ளை வேறெதுவும் கேட்கவில்லை. தன் கல்யாணத்துக்கே மின்விசிறி வாடகைக்கு எடுக்காத மனிதர், இந்தப் பங்குனியில் வீட்டுக்கு ஏசி வாங்கிப் போட்டார்.

வீடு இருபுறமும் பக்கத்து வீடுகளோடு ஒட்டிய சுவர். நடு அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் அடுக்களைக்கு முன்னால் இருக்கிற சின்ன முற்றத்தைப் பார்த்து. ஏசி மெக்கானிக் முகம்மது சுல்தான் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, மேலே வானம் தெரிகிறதே என்று அந்த ஜன்னலில் பொருத்தினார். பெட்டியின் முகம் அறைக்குள்ளும் முதுகு முற்றத்திலும் இருந்தது.

அன்றிலிருந்து அந்த அறை பூதலிங்கம் பிள்ளைக்கு அணையாகிவிட்டது. பழைய சைக்கிள் டியூபை நறுக்கிக் கதவின் அடியில் ஆணியடித்தார். சாவித் துவாரத்தில் பஞ்சு. மேலே காற்றுவாரிக்குக் காக்கித் தாள். மொட்டை மாடிக்கு இரண்டு பூச்சு சுண்ணாம்பு. மெஷின் கொஞ்ச நேரம் ஓடி, கொஞ்ச நேரம் ஓய வேண்டும் என்பது அவர் கணக்கு. அன்னத்தாய் அறைக்குள் வரும்போது, "சட்டுனு வா, ஷட்டரத் தொறந்து போட்டா எந்த அணை நிக்கும்?" என்பார். அவளும் தட்டோடு ஒருக்களித்து உள்ளே நுழைவாள். கடைசியாக, வெயில் வீட்டுக்குள் வருகிற பெரிய வழி முற்றம்தான் என்று கண்டுபிடித்து, அதன் தலைக்கு மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "இனி இந்த வீட்டுக்குள்ள சூடு எப்படி வருதுன்னு பாத்துருதேன்" என்றார்.

சூடு வந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை. தார்ப்பாய் போட்ட மறுநாளிலிருந்து மெஷின் மூச்சு விடாமல் ஓடியது. மத்தியானம் ஆனால் இருமிவிட்டுத் தானாக நின்றுபோனது. அறையில் ஆணியில் தொங்கிய வெப்பமானியில் பாதரசம் ஏறிக்கொண்டே போனது. பத்தியின் புகை எல்லா இடத்திலும் செங்குத்தாக நின்றது. ஒரு பொட்டுக் கசிவில்லாத அணை எப்படி வற்றும்? மனிதர் குழம்பிப்போனார். குளிக்கும்போது யோசித்தார், திருநீறு பூசும்போது யோசித்தார், ஒரு நாள் யோசனையில் இரண்டு முறை சாப்பிட உட்கார்ந்தார்.

இதற்கு நடுவில் செவ்வாய்க்கிழமை அன்னத்தாய்க்கு மறுபடியும் தலை சுற்றியது. அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. ஏசி போட்டும் இவளுக்கு இப்படி என்றால் இவள் தங்கமாட்டாளோ என்று பூதலிங்கம் பிள்ளை பயந்தார். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் சுல்தானுக்கு ஆள் அனுப்பினார்.

சுல்தான் வந்ததும், "இன்னும் பெரிய மெஷினாப் போட்டிரலாமா வே?" என்பதுதான் முதல் கேள்வி.

சுல்தான் முதலில் அறையைப் பார்த்தார். அடைத்த இடுக்குகளைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் அடைச்சிருக்கிய" என்றார். பிறகு முற்றத்துக்கு வந்தவர், செருப்பில்லாமல் தார் ரோட்டில் கால் வைத்தவரைப் போலத் துள்ளினார். அண்ணாந்து தார்ப்பாயைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இத ஏன் கட்டுனிய?"

"சூடு உள்ள வராம இருக்கத்தான்."

"சூடு வெளிய போற வழில்லா இது. மெஷினு குளிர உண்டாக்காது அண்ணாச்சி. அறையில இருக்க சூட்ட அள்ளி இங்கன கொட்டுது. இங்கன கொட்டுனது மேல போவ வழியில்ல. அதையே திரும்பக் குடிச்சிக்கிட்டு கெடக்கு."

"என்ன வே சொல்லுதீரு? அப்பம் குளிரு எங்கேருந்து வருது?"

"குளிரு வரல. சூடு போவுது. அம்புட்டுதான்."

வரத்தே இல்லாமல் போக்கை வைத்து மட்டும் நிறைகிற அணையை முப்பத்தொரு வருஷத்தில் பூதலிங்கம் பிள்ளை கண்டதில்லை. சுல்தான் ஏணி போட்டுத் தார்ப்பாயின் கயிறுகளை அவிழ்த்து இழுத்தார். முற்றத்தில் வெளிச்சம் விழுந்தது. "பத்து நிமிசம் ஓடட்டும், நிக்குதான்னு பாப்போம்" என்று மெஷினைப் போட்டுவிட்டு அறைக்குள் போனார்.

அப்போதுதான் பூதலிங்கம் பிள்ளை அன்னத்தாயைப் பார்த்தார். முற்றத்தோரம், அவள் தினமும் உட்கார்கிற இடத்தில், அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மெஷினின் முதுகு அவள் முகத்துக்கு நேரே இரண்டு முழத்தில் இருந்தது. அனல் அடிக்க அடிக்க முந்தானையால் ஒரு பக்கக் கன்னத்தை மறைத்துக்கொண்டாள். ஒரு மாதமாக அப்படித்தான் மறைத்திருக்க வேண்டும். அதில் பழகிப்போன கை அது.

"ஏட்டி, இம்புட்டு அனல் அடிக்கி, ஒரு வார்த்த சொல்லலையே."

"எதச் சொல்ல? வீடு பூரா அடைச்சாச்சு, சூடு வராதுன்னு சொன்னிய. எனக்குத்தான் ஒடம்பு கெட்டுப்போச்சாக்கும்னு நெனச்சேன்." காயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

உள்ளே சுல்தான் வெப்பமானியைப் பார்த்து, "எறங்குது அண்ணாச்சி, எறங்குது" என்று குரல் கொடுத்தார். பூதலிங்கம் பிள்ளை பார்க்கப் போகவில்லை. முற்றத்தில் இறங்கி, மெஷினுக்கும் அவளுக்கும் நடுவில் போய், அனலுக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

"தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கிய" என்றாள் அன்னத்தாய்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைகளாலும் அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டார்.