தங்கக் கரைக்கு இரண்டு சாரல்

மாடியில் குடியிருக்கும் பெண் கார்டு விளையாட்டு ஒன்று தயார் செய்கிறாள் என்று கேள்விப்பட்டபோது, சீட்டாட்டம் என்றுதான் நானும் நினைத்தேன். மேலகரத்தில் எங்கள் தெருவே அப்படித்தான் நினைத்தது. பாக்கெட் போடுகிற வேலையை அவள் என்னிடம் கொடுத்ததும் எதிர்வீட்டுக்காரி விடவில்லை.

“என்ன ஆச்சி, இந்த வயசுல சீட்டுக் கட்டைத் தூக்கிட்டீய? எங்க வீட்டு ஆளு ஆட்டத்துக்கு ஒரு கை குறையுதுன்னு தேடிக்கிட்டு இருக்காவ, வாரீயளா?”

எனக்கு உடனே பதில் சொல்ல வராது. சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பதில் சாயங்காலம்தான் வந்தது. அப்போது அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

மாடிப் பெண் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். புருஷன் இன்னும் அங்கேதான். குற்றால மலையில் இருக்கிற உயிர்களை ஒவ்வொன்றாகக் கார்டில் வரைந்தாள். சிங்கவால் குரங்கு, மலை அணில், நீர்நாய், மிளா மான். ஒரு பாக்கெட்டில் ஆறு கார்டு. பிரித்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். பன்னிரண்டு பாக்கெட் உள்ள ஒரு பெட்டியில் ஒரே ஒரு பாக்கெட்டில் மட்டும் இருவாச்சிப் பறவை இருக்கும். அந்தக் கார்டைச் சுற்றிப் பொன் நிறத்தில் பட்டை போட்டிருந்தாள். சேலைக் கரை மாதிரி இருந்ததால் நான் அதைத் தங்கக் கரை என்றேன். அவளும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

சாரல் கார்டு என்று ஒன்று உண்டு. சாம்பல் நிற வானமும் சாய்ந்த மழையும் வரைந்தது. மற்ற உயிர்களோடு அதைச் சேர்த்து வைத்தால் அவற்றுக்குப் பலம் கூடும். தங்கக் கரையை மட்டும் ஒரு சாரல் இல்லாமல் ஆட்டத்தில் இறக்கவே முடியாது. மழை பெய்தால்தான் இருவாச்சி வருமாம்.

படம் வரைந்ததும் என்னிடம் காட்டுவாள். “எப்படி இருக்கு ஆச்சி?”

“நல்லாருக்கும்மா.”

எல்லாவற்றுக்கும் அதே பதில்தான் சொன்னேன். ஒரு குறை என் கண்ணில் பட்டிருந்தது. பலத்தைக் காட்டும் எண்ணைக் கார்டின் கீழ்ப்பக்கம் போட்டிருந்தாள். கார்டுகளைக் கையில் விசிறி போலப் பிடித்தால் கட்டைவிரல் அதை மறைத்துவிடும். அஞ்சாம் வகுப்பு வரை படித்த நான், படித்த பிள்ளையிடம் போய் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

“இந்த சீசன்தான் ஆச்சி” என்று அவள் ஒருநாள் சொன்னாள். “பெட்டியெல்லாம் வித்துப் போச்சுன்னா இங்கன இருப்பேன். போகலைன்னா மூட்டையைக் கட்டிட்டு மறுபடி பெங்களூருதான். அவரு கண்டிசனா சொல்லிட்டாவ.”

பாக்கெட் போடும் முறையைச் சின்னத் தாளில் எழுதிக் கொடுத்தாள். தங்கக் கரை பெட்டிக்கு ஒன்று. சாரலை மற்ற கார்டுகளோடு கலந்து, பார்க்காமல் எடுத்துப் போட வேண்டும். ‘பார்க்காமல்’ என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன்.

நாற்பது வருசம் பீடி சுற்றிய கை இது. சில நாள் கருத்த இலையாக வந்துவிடும். கருத்தது எல்லாம் ஒரே கட்டில் சேர்ந்தால் பீடிக் கம்பெனியில் சரிபார்க்கிற செக்கர் அந்தக் கட்டையே ஒடித்துப் போட்டுவிடுவார். அதனால் நாங்கள் இளசையும் கருத்ததையும் பார்த்துக் கலந்து, எந்தக் கட்டும் மோசம் என்று ஆகாமல் கட்டுவோம். பார்க்காமல் போடுவது எங்கள் கைக்கே தெரியாது.

கார்டை எடுத்தாலும் கை அதையேதான் செய்தது. தங்கக் கரை விழுகிற பாக்கெட்டுக்கு அதுவே போதும் என்று பட்டது. பலம் குறைந்த தவளையும் ஓணானுமாக விழுகிற பாக்கெட்டைப் பிரிக்கிற பிள்ளை முகம் எப்படிப் போகும்? அதற்கு ஈடாக இரண்டு சாரல் வைத்தேன். தங்கக் கரைப் பாக்கெட்டில் ஒரு சாரலும் வைக்கவில்லை. நல்ல காரியம் செய்கிற நினைப்பிலேயே முப்பது பெட்டியும் போட்டு முடித்தேன். இறக்க முடியாத தங்கக் கரையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சீசன் தொடங்கியது. ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு சிப்ஸ் கடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டாள். கூடமாட ஒத்தாசைக்கு என்னையும் அழைத்துப் போனாள். நான் மேஜைக்குப் பின்னால், ஆட்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாம் நாள், தலை ஈரம் காயாத ஒரு பெண் குழந்தையும் அதன் அப்பாவும் திரும்பி வந்தார்கள். காலையில் பாக்கெட் வாங்கிப் போனவர்கள். அப்பாவுக்குப் போலீஸ்காரர் போல ஒட்ட வெட்டிய முடி.

“என்னம்மா ஏவாரம் இது? தங்கக் கார்டு வந்துட்டுன்னு பிள்ளை குதிச்சா. இப்ப எறக்க முடியலங்கா. எறக்க முடியாததை எதுக்குக் குடுக்கீய?”

“சாரல் வரலையா அண்ணாச்சி? சில பாக்கெட்ல வராது. அது அதிர்ஷ்டம்” என்றாள் மாடிப் பெண்.

“காலையிலேருந்து நான் பார்த்த மூணு தங்கக் கார்டுலயும் வரலை. மூணு பேருக்கும் ஒரே அதிர்ஷ்டமா?”

அவள் முகம் மாறிவிட்டது. ஒரு பெட்டியை எடுத்து மேஜையிலேயே பன்னிரண்டையும் பிரித்தாள். பிறகு இன்னொரு பெட்டி. எனக்கு விசயம் விளங்கிவிட்டது.

அவள் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை சிப்ஸ் கடைத் தாழ்வாரத்துக்கு ஓடியது. அங்கே நாலைந்து பிள்ளைகள் கார்டு பரப்பி உட்கார்ந்திருந்தன.

“ஏட்டி, சாரல் வச்சிருக்கியா?”

“மூணு இருக்கு. தரமாட்டேன்.”

“ஒண்ணு தாட்டி. மலை அணில் தாரேன்.”

“அணிலோட நீர்நாயும் தா.”

“ஆசையைப் பாரு! அணில் மட்டும்தான். வேண்டாம்னா போ.”

“சரி, தங்கத்தை ஒரு தடவை என் கையில தா. தொட்டுப் பார்த்துட்டுத் தாரேன்.”

பேரம் முடிந்தது. தங்கக் கரை இறங்கியபோது எழுந்த கூச்சலில், அருவிக்குப் போகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். சாரலைத் தவிர தவளையும் ஓணானும் மட்டுமே கிடைத்த பிள்ளை அங்கே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்ததால் நான் பார்த்தேன். மாடிப் பெண் கார்டு எண்ணுகிற மும்முரத்தில் பார்க்கவில்லை.

அப்பாக்காரர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். கோபம் பாதி இறங்கியிருந்தது.

“சரி, இங்கன ஆள் இருக்கு, கெடச்சிட்டு. ஊருக்குப் போய் யார்கிட்ட கேப்பா? எங்க ஊரு திருவேங்கடத்துல நெச மழைக்கே வழியில்ல, கார்டு மழைக்கு எங்கன போவா?”

மாடிப் பெண் சிரிக்கவில்லை. கையில் இருந்த கார்டுகளைப் பார்த்தபடி, “எல்லாம் போச்சு. இருக்கிற பெட்டி பூராவும் இப்படித்தான் இருக்கும்” என்றாள், தனக்குத்தானே சொல்வது போல.

அவளுக்கு யார்மேலும் சந்தேகம் வரவில்லை. கலக்கும்போது சாரலெல்லாம் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அறுபத்தெட்டு வருசம் அப்படி இருந்துதான் பழக்கம். ஆனால் அவள் எந்த நேரமும் பெங்களூருக்குப் போன் போட்டு ‘வாரேன்’ என்று சொல்லிவிடுவாள் போல இருந்தது.

எழுந்து நின்றேன். “நான்தான் பார்த்துப் போட்டேன்” என்றேன்.

அவள் திரும்பினாள். “பார்க்காமப் போடணும்னு எழுதியிருந்தேனே ஆச்சி?”

“வாசிச்சேன். கை கேக்கலை.” பீடிக் கட்டைப் பற்றிச் சொன்னேன். தவளையும் ஓணானும் விழுந்த பாக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். அதோடு நிறுத்தாமல் மேலும் பேசிவிட்டேன். “அங்கன பாரும்மா. ஒண்ணும் கெடைக்காத பிள்ளைகிட்டப் போயித்தான் தங்கம் கெடச்ச பிள்ளை கெஞ்சுது. ஆனா இந்த அண்ணாச்சி சொல்லுததும் நெசம்தான். தங்கத்துக்கு ரெண்டு சாரல் வேணும்னு மாத்து. ஒண்ணை நாமளே பாக்கெட்ல வச்சுக் குடுப்போம். இன்னொண்ணை அதுக தேடட்டும்.”

அவள் தாழ்வாரத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு பிரித்த பெட்டியிலிருந்து நாலு சாரலை எடுத்துக் குழந்தையின் அப்பாவிடம் கொடுத்தாள்.

“ஊர்ல இருக்கிற பிள்ளையளுக்கும் ரெண்டு பாக்கெட் தா” என்று காசை நீட்டினார் அவர்.

மிச்சப் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தங்கக் கரைப் பாக்கெட்டை மட்டும் தடவிக் கண்டுபிடித்துச் சாரல் சேர்த்தோம். பொன் பட்டை கொஞ்சம் தடிமன்; என் விரலுக்குத் தெரிந்தது. சீசன் முடிவதற்குள் எல்லாம் விற்றுவிடவில்லை. ஆறு பெட்டி மிஞ்சியது. போனில் புருஷனிடம் அவள் பேசியது கீழே எனக்குக் கேட்டது. “இன்னொரு சீசன் பார்க்குதேன்.”

அடுத்த அச்சுக்கு மாதிரிக் கார்டுகள் வந்ததும் கொண்டுவந்து காட்டினாள். தங்கக் கரையின் மேல் இரண்டு மழைத்துளி வரைந்திருந்தாள். “எப்படி இருக்கு ஆச்சி?”

ஆறு கார்டையும் விசிறியாகப் பிடித்துப் பார்த்தேன்.

“எண்ணு கட்டைவிரலுக்குள்ள போயிருது. மேல போடணும்” என்றேன். “இருவாச்சி மூக்கு வேற கரையில இடிக்குது.”

“அம்மாடி! இத்தனை நாளும் இதையெல்லாம் எங்கன வச்சிருந்தீய?” என்று பென்சிலை எடுத்தாள். “சொல்லுங்க, வேற என்ன?”