எர்மெலிந்தாவின் ‘சொல்றாங்க’

மலையூரான அயகூச்சோவின் சந்தையில் குடல் சூப்பு விற்கும் எர்மெலிந்தாவுக்குப் பொய் சொல்ல வராது. அதை யாரும் மெச்சியதில்லை. பிழைக்கத் தெரியாதவள் என்றார்கள். “நேத்து சூப்பா, இன்னைக்கு வச்சதா?” என்று கேட்டால் நேற்றையது என்று சொல்லிவிடுவாள்.

அவள் பேசும் கெச்சுவா மொழியும் அப்படித்தான். கண்ணால் பார்த்ததை ஒரு விதமாகச் சொல்லவேண்டும், பார்க்காததை வேறு விதமாக. மாற்றிச் சொன்னால் புளுகி. அரைகுறை ஸ்பானிஷில் பேசும்போதும் பழக்கம் விடாது; தனக்கு நேரில் தெரியாததற்கெல்லாம் கடைசியில் ஒரு ‘சொல்றாங்க’ ஒட்டிக்கொள்ளும். மலைப்பக்கத்தில் எல்லோர் பேச்சிலும் அந்த வால் உண்டு. தலைநகர் லிமாவிலிருந்து வந்து இரண்டே மாதமான மனநல டாக்டருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

புருஷன் ஃபவுஸ்தோ போன பஸ் பள்ளத்தில் உருண்டு, அவர் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அதற்குத்தான் அந்த டாக்டரிடம் வந்தாள்.

“ராத்திரி தூங்குறீங்களாம்மா?”

“தூங்குறேன் டாக்டர். தூக்கத்துல அழுவுறேன், சொல்றாங்க. எந்திரிச்சு உக்காந்து அவர் பேரச் சொல்லிக் கூப்பிடுறேன், சொல்றாங்க.”

டாக்டரின் பேனா நின்றது. “யார் சொல்றாங்க?”

சொன்னவள் மகள் யெசிகா. ஒன்பது வயது, அதே கட்டிலில் படுப்பவள். அவள் பேரைச் சொல்ல எர்மெலிந்தாவுக்குப் பயம். தாய் அடிக்கும் கூத்தில் பிள்ளை முழித்துக் கிடக்கிறது என்று தெரிந்தால் விட்டுவைப்பார்களா? பக்கத்துக் கடைக்காரியின் பையனை இப்படித்தான் அரசாங்க விடுதிக்குக் கொண்டுபோனார்கள்.

“யாருமில்ல டாக்டர். சும்மா... சொல்றாங்க.”

“இப்பவும் சொல்றாங்களா?”

கேள்வி புரியவில்லை. புரியாவிட்டாலும் பெரிய மனுஷன் முன்னால் தலையாட்டுவதுதான் மரியாதை. ஆட்டிவைத்தாள்.

டாக்டர் கெட்டவர் இல்லை. அதை நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது. கனிவாகத்தான் சொன்னார்: “லிமாவுல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. ஒரு மாசம் போல தங்கணும். குழந்தைய இங்க பாத்துப்பாங்க. வெளிய உக்காருங்க, சீட்டு எழுதித் தரேன்.”

வெளியே பெருக்கிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி வேலைக்காரி காசிமிரா, துடைப்பத்தோடு ஓடிவந்து கெச்சுவாவில் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி கிறுக்கி, உள்ள என்னத்தச் சொல்லித் தொலைச்ச? காதுல குரல் கேக்குற கேஸுன்னு லிமாவுக்கு போன் போடுறாரு!”

“குரலா? எந்தக் குரல்?”

“நீ போட்ட ‘சொல்றாங்க’தான்டி குரலு! போன மாசம் ஒருத்தன் இப்படியே வாயக் குடுத்துட்டுப் போனான், இன்னும் வந்து சேரல.”

“அக்கா, நீ போய் அவருக்கு எடுத்துச் சொல்லேன்.”

“அவன் விஷயத்துலயே சொல்லிப் பாத்தேன். பெருக்குற வேலையப் பாருன்னாரு. நீயே போ. வால வெட்டிட்டுப் பேசு. அழுதேன்னு சொல்லு.”

“நான் பாக்கலையே அக்கா! பொய்யில்ல அது?”

“அப்ப லிமாவுல போய் உக்காந்து உண்மையப் பேசு.”

யெசிகாவை நினைத்துக்கொண்டு எர்மெலிந்தா கதவைத் திறந்தாள். டாக்டர் சீட்டில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

“டாக்டர், யாரும் எதுவும் சொல்லல. ராத்திரி நான் எந்திரிச்சு உக்காந்தேன். அவர் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். நான் அழு...”

ஏழு மாதத்தில் விழித்திருக்கும்போது அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அழுமூஞ்சியிடம் யார் சூப்பு வாங்குவார்கள்? வாழ்க்கையில் முதல்முதலாகச் சொல்ல வந்த பொய்யைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை முந்திக்கொண்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு, “ஃபவுஸ்தோ, ஃபவுஸ்தோ” என்று வாய்விட்டுக் கதறினாள்.

டாக்டர் முத்திரையைக் கீழே வைத்தார். பிறகு சீட்டைக் கிழித்துப் போட்டார்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?”

“சொன்னேனே, டாக்டர்” என்றாள் எர்மெலிந்தா.