கடைசி அத்தியாயம் இல்லாத கடற்கொள்ளைக்காரி

முதலில் அக்காவின் மகள் சுகந்திக்குப் பல் தீட்டும்போது இரத்தம் வந்தது. அக்கா பற்பொடியை மாற்றினார். பிறகு அடிபடாமலே காலில் நீலத் திட்டுகள் வந்தன. யாழ்ப்பாணத்து டொக்டர் கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார். போர்க்காலம்; அத்தானுக்குப் பயண அனுமதி கிடைக்கவில்லை. அக்காவும் சுகந்தியும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினார்கள். கப்பல் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்த நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

லுக்கேமியா (இரத்தப் புற்றுநோய்) என்றார்கள். கீமோதெரபி (புற்றுநோய்க்கு ஏற்றும் கடும் மருந்து) தொடங்கியதும் பதினான்கு வயதுப் பிள்ளையின் தலைமயிர் தலையணையில் கிடந்தது.

நடைபாதைக் கடையில் அவளுக்கு ஒரு நாவல் வாங்கினேன். கடற்கொள்ளைக்காரர்களின் கதை. கடலில் சாகிறவர்கள் வேறொரு துறைமுகத்தில் மறுபடி பிறப்பார்கள். போன பிறப்பில் பட்ட காயம் இந்தப் பிறப்பில் மச்சமாக இருக்கும். தலைவி ஒரு சிறுமி. மச்சங்களைப் பார்த்துத் தன் பழைய ஆட்களைத் தேடுகிறாள். ஒருவன் கடற்படை அதிகாரியாகப் பிறந்திருக்கிறான். சமையல்காரன் ஆடாக.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். விரல் வைத்துத்தான் வாசிப்பேன். அவள் படுத்தபடி கேட்பாள்.

"மாமா, ஒரு வரியை விட்டிட்டியள்."

"அது முக்கியமில்லாத வரி."

"கப்பலிலையும் இப்பிடித்தான் வேலை செய்தனீங்களோ?"

மருத்துவமனைக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடி இருந்தது. ஒருநாள் புறப்படுமுன் அக்கா புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில் கடல் வரைபடம். கப்பலை எப்படிச் சுற்றி வளைப்பது என்று அம்புக்குறிகள்.

"இதோடை செக்பொயின்ற்றிலை நிண்டால் என்னெண்டு சொல்லுவம்?"

கிழித்து அடுப்பில் வைத்தார். கடைசி அத்தியாயம் அந்தத் தாள்களின் மறுபக்கத்தில் இருந்தது. அன்று ஆமிக்காரன் அடையாள அட்டைகளைப் பார்த்தான். புத்தகத்தைத் தொடவே இல்லை. சுகந்தி பின்னேரம் வரை தாயோடு கதைக்கவில்லை. வேறு பிரதி தேடினேன், கிடைக்கவில்லை.

சில மாதங்களில் டொக்டர் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார். "மருந்து இனி வேலை செய்யாது. நோவு இல்லாமல் வச்சிருப்பம். வீட்டை கொண்டுபோக விருப்பமெண்டால் கொண்டுபோங்கோ." யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை சண்டையால் பூட்டியிருந்தது.

"பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை" என்றார் அக்கா.

நான் சொல்லவில்லை. அவள்தான் கேட்டாள். மிஞ்சிய கடைசிப் பக்கத்தில் தலைவி காயத்தோடு கடலில் விழுகிறாள்.

"முடிவை நீங்கள் சொல்லுங்கோ மாமா. அவள் திரும்பப் பிறக்கிறாளோ?"

"ஓம்."

"பிறந்தால் அம்மாவை அடையாளம் தெரியுமோ?"

அந்தக் கதையில் தலைவிக்கு அம்மாவே இல்லை. வாய்க்கு வந்த பொய்யை விழுங்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது பிள்ளை."

அவள் ஊசி ஏற்றி ஏற்றிக் கறுத்துப்போன முழங்கை மடிப்பை நீட்டினாள். "அப்ப அம்மாவிட்டைச் சொல்லி வையுங்கோ. இந்த இடத்திலை பாக்கச் சொல்லி."

சொன்னேன். அக்கா எழுந்துபோய் அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்களுக்குள் ஒளிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அத்தான் வராமலே அவளுடைய இறுதிக் காரியங்கள் முடிந்தன.

இப்படி ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள்.

அவளுக்காகப் பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் நுண்துகள்) கொடுத்தபோது குத்திய தழும்பு என் முழங்கையில் இருக்கிறது. சட்டை மாற்றும்போது விரல் தானாக அங்கே போகிறது. எந்தக் குழந்தையைக் கண்டாலும், அவள் போவதற்கு முன் பிறந்ததா, பின் பிறந்ததா என்றுதான் மனம் கணக்குப் பார்க்கிறது. மறுபிறப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சிலவேளை நானும் அக்காவும் கரையோர ரயிலில் போவோம். யாராவது ஒரு தாய் பக்கத்தில் குழந்தையோடு வந்து உட்காருவாள். அக்கா அதோடு சிரித்துக் கதைத்து, அதன் கையை மெல்லப் பிடித்து, முழங்கையை விரிப்பார்.

நான் அந்தப் பக்கம் திரும்பிக் கடலைப் பார்ப்பேன்.