வயர்லெஸ்ஸில் சொல்லாதது

மார்பில் இருந்த கட்டி புற்றுதான் என்று டாக்டர் சொன்னபோது காலை பதினொன்றரை மணி. சின்னதுதான், ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம் என்றார். வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்ய முடியுமாம். அதற்குப் புதுச்சேரியில் இரண்டு ஸ்கேன், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஒன்று, எலும்புக்கு ஒன்று. தேதி பதினோரு நாள் கழித்துத்தான் கிடைத்தது. "எதாவது கேக்கணுமாம்மா?" என்றார். கேட்பதற்கு எவ்வளவோ இருக்க, "அன்னைக்குக் காலையில சாப்பிட்டுட்டு வரலாமா?" என்று கேட்டேன்.

கூட வந்த நாத்தனார் வராந்தாவிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கட்டி எனக்கு, அழுகை அவளுக்கு. அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். பிறகு மார்க்கெட்டில் இறங்கி அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கினேன், ஒவ்வொன்றாக நுனி உடைத்துப் பார்த்து. மத்தியானம் அதை வதக்கிச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். அவர் கடலுக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. பத்து நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்கல். ஊசி வைத்துச் சதை எடுத்ததை அவரிடம் சொல்லியிருந்தேன். கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும் என்றும் நானே சொல்லி அனுப்பியிருந்தேன். மகள் கோயம்புத்தூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சொல்லவில்லை.

கடலில் இருப்பவரிடம் பேச ஒரே வழி வயர்லெஸ்தான். எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டில் படகு முதலாளி வீட்டு மாடியில் ஒரு பெட்டி இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்கள் நாலைந்து பெண்கள் அங்கே போவோம். பேசுவது எல்லாப் படகுக்கும் கேட்கும். தூரத்தில் நிற்கிற படகுக்கு எட்டவில்லை என்றால் நடுவில் இருக்கும் படகுக்காரர் வாங்கி எடுத்துச் சொல்வார். ஆகவே அதில் யாரும் கெட்ட செய்தி சொல்வதில்லை. கரையில் என்ன நடந்தாலும் வீட்டில் எல்லாரும் சுகம். அவர்கள் கரைக்கு வந்தபிறகுதான் மற்றதெல்லாம்.

நான் அந்தப் பெட்டியில் பேசுவது ஊருக்கே பொழுதுபோக்கு. எனக்கு வாய் அப்படி. "கண்ணாடிய டிவி மேலயே வச்சிட்டுப் போயிருக்கீங்களே, அங்க எதைப் பாத்துப் படக ஓட்டுறீங்க?" என்பேன். டிபன் கேரியர் மூடியைத் தொலைத்ததற்கு ஒரு தடவை பத்து நிமிடம் திட்டினேன். நடுவில் யாரோ ஒரு படகுக்காரர், "அண்ணி, மூச்சு வாங்கிக்குங்க" என்றார். என் வீட்டுக்காரர் எதற்கும் பதில் பேசமாட்டார். "சரி, சரி" என்பார், சிரிப்பது கேட்கும்.

டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமும் போனேன். "வீட்ல எல்லாம் சரியா?" என்றார். "எல்லாம் சரிங்க" என்றேன். அவ்வளவுதான். அடுத்த நாளும் அவ்வளவுதான். பொய் சொல்கிறோமே என்று வருத்தமாக இல்லை. சொல்லிவிட்டு இறங்கி வந்து சோறு வைத்தேன்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். ஸ்கேன் தேதி வரை ஒரு நாள்கூட லீவு போடவில்லை. குழந்தைகளை எடை போட்டேன், முட்டை உரித்துக் கொடுத்தேன், மூக்கு துடைத்துவிட்டேன். ஒரு குழந்தை என் மடியில் ஒன்றுக்குப் போய்விட்டது. புடவையை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. ஆனால் உடம்பு மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. குனிந்து நிமிர்ந்தால் இடுப்பில் ஒரு பிடிப்பு. பத்து வருஷமாக இருக்கிற பிடிப்புதான் அது. அன்றைக்கு, இது எலும்பா என்று கேட்டுக்கொண்டேன். இருமினால், இது நுரையீரலா. முழங்கையை வாசற்படியில் இடித்துக்கொண்டதற்குக்கூட விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். பயம் என்று அதைச் சொல்லமுடியாது. சரக்கு சரிபார்ப்பது மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் அவர், "என்ன செய்யுது உனக்கு?" என்றார். "ஒண்ணுமில்லைங்க. பாத்து வாங்க" என்றேன்.

மறுநாள் மத்தியானம் அங்கன்வாடி முடிந்து வந்தால் அவர் சமையலறை வாசலில் நிற்கிறார். லுங்கியெல்லாம் டீசல் வாடை. ஐந்து நாளாவது பாக்கி இருந்தது.

"ஏன் வந்துட்டீங்க? இஞ்சின் கோளாறா?"

"மூணு நாளா நீ திட்டல."

"அதுக்கா வந்தீங்க?"

"மொத நாளு, வேலையா இருக்கேன்னு நெனச்சேன். ரெண்டாம் நாளு கோவம்னு நெனச்சேன். நேத்து, பாத்து வாங்கன்னு சொன்ன பாரு, நம்ம ஆளுங்க வலை இழுக்கறத நிறுத்திட்டு என்னையே பாத்தானுங்க. வீட்டுக்குப் போயிடலாம்ணேன்னு அவனுங்கதான் சொன்னானுங்க."

சொன்னேன். டாக்டர் சொன்னதை அப்படியே, ஸ்கேன் தேதி உட்பட. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "மீனுக்குக் கொண்டுபோன ஐஸு பாதி அப்படியே கெடக்கு" என்றார், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே. முதுகு குலுங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "குளிச்சிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றேன். அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. நோயைப் பற்றி அல்ல. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதர் அழுகிறார், எனக்கு உள்ளே எதுவும் இல்லையே, நான் ஏற்கனவே போய்விட்டேனா என்று.

பதினோராம் நாள் விடியற்காலை பஸ் பிடித்தோம். எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, மூன்று மணி நேரம் காக்கவைத்தார்கள்; நடுவில் நெஞ்சு, வயிறு ஸ்கேனும் முடிந்தது. ஊசி போட்ட பெண், "மருந்துல கதிர்வீச்சு இருக்கு, இன்னைக்கு முழுக்க சின்னப் பிள்ளைங்க கிட்ட போகாதீங்கம்மா" என்றாள். என் வேலை அவளுக்குத் தெரியாது. ஒடுங்கலான பலகையில் படுக்கவைத்தார்கள். ஒரு பெரிய தகடு முகத்துக்கு மேலே வந்து மெள்ள நகர்ந்தது. கூரையில் ஒரு பல்லி இருந்தது. அது நகருமா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். வெளியே வந்தபோது அவர் மூன்று பாட்டில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்.

முடிவு நாலு நாள் கழித்து என்றார்கள். அவர் வீட்டிலேயே இருக்கிறேன் என்றார். நான்தான் துரத்தினேன். படகில் எட்டுப் பேர், எட்டு வீட்டு அடுப்பு. ஏற்கனவே ஒரு தங்கல் என்னால் பாதியில் நின்றது. "இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா படத்துல என்ன மாறப்போகுது?" என்றேன். போனார்.

முடிவு வாங்க நாத்தனாரோடு போனேன். டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, வேறு எங்கும் இல்லை என்றார். மார்பில் இருப்பது மட்டும்தான், ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கிறேன் என்றார். நாத்தனார் அங்கேயும் அழுதாள். நான் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் தூங்கிக்கூடப் போனேன்.

வந்ததும் வராததுமாக நேரே முதலாளி வீட்டு மாடிக்கு ஏறினேன். ஆறு மணி தாண்டியிருந்தது. மற்றப் பெண்கள் எழுந்து இடம் விட்டார்கள். பெட்டியில் எல்லாப் படகும் இருந்தது, ஆனால் ஒரு படகும் பேசவில்லை. அன்றைக்கு முடிவு வருவது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, காத்திருந்தார்கள். அவர், "சொல்லு" என்றார்.

வேறு எங்கும் இல்லையாம் என்று சொல்லத்தான் பொத்தானை அமுக்கினேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது. "ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டுட்டுப் போயிருக்கீங்களே, மெத்தையெல்லாம் நாறுது, உங்களுக்கு அறிவு இருக்கா?"

அப்புறம் எங்கிருந்தோ ஒரு படகில் யாரோ விசில் அடித்தார்கள். இன்னொரு படகில் சிரிப்பு. அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னும் கொஞ்சம் திட்டு" என்றார்.

திட்டுவதற்கு எனக்கு விஷயமா பஞ்சம்? டிபன் கேரியர் மூடியிலிருந்து ஆரம்பித்தேன். பதினைந்து நாளில் அன்றுதான் அழுதேன், திட்டிக்கொண்டே.