சலூனுக்குக் கீழே ஒரு சீறல்

தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பழுது பார்த்த அந்தப் பெண்ணுக்கு இடது காது மந்தம். சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலோடு போனது. அதற்காக அவள் கண்ணைக் கசக்கியதாக யாரும் சொல்லிக் கேள்வியில்லை. பிடிக்காத பேச்சு வந்தால் அந்தக் காதைத் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான். வாரியத்துக்கு வருமுன் காது மிஷின் கடையில் வேலை பார்த்தவள். சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கும் வித்தை அங்கே கைக்கு வந்தது. கணவர் தையல்காரர். வீட்டு முன்னறையில் அவர் தைக்க, பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் பித்தான் கட்டுவார்.

ஒரு கோடையில் கடைவீதியின் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது. பூமிக்கடியில் எங்கோ குழாய் கசிகிறது, ஆனால் மேலே சொட்டு ஈரம் இல்லை. வாரிய ஆட்கள் அங்கே தோண்டினார்கள், இங்கே தோண்டினார்கள். மண்தான் வந்தது. தெரு பல் விழுந்த வாய்போல ஆனது. பிரிவு அதிகாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவள்தான் போய்ச் சொன்னாள்: "தண்ணி கசியற இடத்துல சத்தம் இருக்கும் சார். நம்ம காதுக்கு எட்டாது. பெருசாக்கிக் கேட்டா இடம் தெரிஞ்சிடும்."

"உனக்கு ஒரு காதுதானேம்மா கேக்கும்?"

"அதனாலதான் சார் பெருசாக்கணும்னு சொல்றேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

பழைய கடிகார அலாரத்திலிருந்து ஒரு பித்தளை வில்லையைக் கழற்றினாள். அதிர்ந்தால் துளி மின்சாரம் தரும் வில்லை அது. அதை ஓர் இரும்புக் கம்பியின் தலையில் ஒட்டினாள். கம்பியை மண்ணில் ஊன்றினால் கிடைப்பது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஹெட்போனுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தப் பொரியைச் சோற்றுமலை ஆக்குவதற்குத்தான் ஆப்-ஆம்ப் என்ற சில்லு. எட்டுக் கால், புளியங்கொட்டையைவிடச் சின்ன உடம்பு. கூட இரண்டு ரெசிஸ்டர். ஒன்று மற்றதைவிட எத்தனை மடங்கு பெரிதோ, ஏறக்குறைய அத்தனை மடங்கு பெரிதாகும் உள்ளே போகும் வோல்ட். அவள் ஆயிரம் மடங்கு வைத்தாள். ஆசை யாரை விட்டது?

சோதனை பார்க்கத் தெருவே திரண்டது. கம்பியை ஊன்றி, ஹெட்போனை முதலில் அதிகாரிக்கே மரியாதையாக மாட்டிவிட்டாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். புருவம் உயர்ந்தது.

"என்ன சார், தண்ணியா?" என்றார் சலூன்காரர், கையில் சீப்போடு.

"ஆமா. நாளைக்கு இடியோட பலத்த மழை பெய்யுமாம்."

ஆப்-ஆம்ப் பாகுபாடு பார்க்காது. வில்லையிலிருந்து வந்த நீள ஒயர் ஆன்டெனாவாகி வானொலியைப் பிடித்திருந்தது. அதையும் சேர்த்து ஆயிரம் மடங்கு ஆக்கித் தந்துவிட்டது. சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அன்றிலிருந்து அவள் பெயர் 'ரேடியோக்காரி'. மறுநாள் மழையும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தவள் முகத்தைப் பார்த்ததும் கணவர் தையலை நிறுத்தினார். அவள் இரண்டு ஒயரை அவரிடம் நீட்டி, "இந்த முனையைப் பிடிங்க, முறுக்கணும்" என்றாள்.

"ஒரு ஒயருக்கு ரெண்டு ஒயரா? ரெண்டு மடங்கு ரேடியோ கேக்காதா?"

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டா ரேடியோ ரெண்டுலயும் ஒரே மாதிரி வரும். ஆப்-ஆம்புக்கு ரெண்டு வாசல் இருக்கு. ஒரே மாதிரி வர்றதைத் தள்ளிடும். வித்தியாசத்தை மட்டும் பெருசாக்கும்."

"அப்படின்னா நானும் அம்மாவும் சேர்ந்து ஒரே குறையைச் சொன்னா காதுல ஏறாது. ஆளுக்கொண்ணா சொன்னாத்தான் ஏறும்."

"அதைத்தானே நான் இத்தனை வருஷமா பண்றேன்?"

மாமியார் ஊசியும் கையுமாகக் குலுங்கிச் சிரித்தார். பித்தான் ஒன்று தலைகீழாகக் கட்டப்பட்டது.

முறுக்கிய ஒயருக்கு மேலே உலோகப் பின்னல் உறை போட்டாள். ஆயிரம் மடங்கையும் ஒரேயடியாக வைக்காமல் இரண்டு படியாகப் பிரித்து, நிதானமாக ஏற்றினாள். அடுத்த முறை கூட்டம் கூட்டவில்லை. தனியாகப் போய், குழாய் போகும் வழியெல்லாம் கம்பியை ஊன்றி ஊன்றிக் கேட்டாள். ரேடியோ வாயைத் திறக்கவில்லை. மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' மட்டும். மருந்துக்கடை முன்னால் கொஞ்சம் கூடியது. செருப்புக்கடை முன்னால் இன்னும் கூடியது. சலூன் வாசலில் காது கூசியது. அதைத் தாண்டியதும் குறைந்தது. திரும்பி வந்தாள், மறுபடி கூசியது.

சலூன்காரர் அப்போதுதான் வாசலுக்குப் புதுக் கல் பதித்திருந்தார். "இதை ஒடைக்கணுமா? ரேடியோல சொன்னாங்களா?" என்று குறுக்கே நின்றார்.

அவள் ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள்.

அவர் முகம் வெளுத்தது. அடுத்த நொடி தன் சுழல்நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். "ஐயோ! கீழ பாம்பு இருக்கு! சீறுது!"

"பாம்பு இல்லண்ணே, தண்ணி."

"எனக்குத் தெரியாதா? தோண்டுங்க! இப்பவே தோண்டுங்க!"

வாரிய ஆட்கள் வருவதற்குள் புதுக் கல்லை அவரே பெயர்த்துவிட்டார். ஆள் உயரம் இறங்கியதும் மண் சேறானது. குழாய் இணைப்பின் ரப்பர் வளையம் மக்கிப்போய், அந்த இடுக்கு வழியே தண்ணீர் பீறிட்டுப் பக்கத்துப் பாழடைந்த சாக்கடைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்த அதிகாரியின் சட்டை நனைந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை. "கெட்டிக்காரிம்மா நீ" என்றார். அதை அவள் நல்ல காதில் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் கடைசி வீடுகளில் குழாய்கள் இருமிவிட்டுத் தண்ணீர் விட்டன.

சலூன்காரர் மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பாம்பு இருந்ததாம், தண்ணீரோடு நழுவிவிட்டதாம். நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் அதன் நீளத்தைக் கையால் அளந்து காட்டுகிறார். தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களில் யார் மறுத்துப் பேசுவார்கள்?